கூப்பிட்டது கேட்கவில்லை

தறிக் கூடத்தில் அவளுக்குக் கழுகு என்று பெயர். வைத்தவர் மேஸ்திரி. கூடத்தின் அந்தக் கோடியில் ஒரு தறியில் நூல் அறுந்தால் இந்தக் கோடியில் நிற்கிற அவளுடைய கண் முதலில் அங்கே போய்விடும். பக்கத்துத் தறி என்னுடையது. என் தறியில் நூல் அறுந்ததைக்கூட அவள் சொல்லித்தான் பல தடவை பார்த்திருக்கிறேன்.

தறிகள் ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் காதில் விழாது. அதனால் அங்கே எல்லோரும் குரலே எழுப்பாமல் வாயை மட்டும் பெரிதாக அசைத்துப் பேசுவோம். புதிதாக வருகிறவர்கள் கொஞ்ச நாள் திருதிருவென்று முழிப்பார்கள், பிறகு பழகிவிடும். கழுகு எங்களையெல்லாம் தூக்கிச் சாப்பிடுவாள். மேலாளரும் மேஸ்திரியும் கண்ணாடி அறைக்குள் நின்று யாரை எந்த ஷிப்டுக்குத் தூக்கிப் போடலாம் என்று பேசிக்கொண்டிருப்பார்கள். இவள் வெளியில் பாவு நூலைச் சரிசெய்தபடியே அதை வரி பிசகாமல் எங்களுக்குச் சொல்லிவிடுவாள்.

அவளுக்குக் கல்யாணம் ஆனதும் இந்த வித்தையால்தான். மில் பேருந்தை ஓட்டியவர் வாய் ஓயாத மனுஷன். ஆள் கிடைக்காவிட்டால் தனக்குத் தானே பேசிக்கொள்வார். ஒருநாள் காலையில் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் அவளைப் பார்த்து, "இன்னைக்கும் மூஞ்சி உம்முன்னுதான் இருக்கு" என்று உதட்டுக்குள் முணுமுணுத்திருக்கிறார். கண்ணாடியில் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்த இவள் பின் இருக்கையிலிருந்து, "உம்முன்னு ஒண்ணும் இல்லை. தூக்கம் வருது" என்று உரக்கச் சொன்னாள். மனுஷன் அதிர்ந்துபோய் பிரேக்கை மிதித்தார். எங்கள் எல்லோருடைய நெற்றியும் முன் இருக்கையில் போய் மோதியது. அந்தப் புடைப்புக்கெல்லாம் அவர்கள் கல்யாணத்தில் வயிறு முட்டச் சாப்பிட்டு ஈடுகட்டிக்கொண்டோம்.

ஒரே ஒரு மகள் பிறந்தாள். வீடு, மாடிக் குடியிருப்பில் இரண்டு அறையும் ஒரு சமையலறையும். அவர் பேசுவார், இவள் எதிர்த்துப் பேசுவாள், இரண்டு பேரும் சிரிப்பார்கள். நல்ல குடும்பம் என்று சொன்னால் யாரும் மறுத்திருக்க மாட்டார்கள்.

ஒரு சமயம் மில்லில் காதடைப்பான் கொடுத்தார்கள். ரப்பரில் செய்த சின்னக் குமிழ். சிலர் மாட்டிக்கொண்டோம், சிலர் இல்லை. கழுகு அதை விரலில் வைத்து உருட்டிப் பார்த்தாள்.

"காதை அடைச்சுக்கிட்டா தறிக்கு என்ன நோவுன்னு எப்படித் தெரியும்? நீ வேணா மாட்டிக்க" என்று அதை என் பெட்டியிலேயே போட்டுவிட்டாள்.

அவள் காதிலிருந்து முதலில் சின்னச் சத்தங்கள் போயின. குழாய் சொட்டுவது, பாத்திரத்தில் தண்ணீர் கொதிப்பது, அடுத்த அறையில் போன் அடிப்பது. அப்புறம் முதுகுக்குப் பின்னால் நின்று பேசுகிறவர்கள் போனார்கள். அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. மில்லில் கண்டுபிடிக்கவும் வழியில்லை. அந்தக் கூடத்துக்குள் நாங்கள் எல்லோருமே செவிடர்கள்தான். உண்மையில் காது போன ஒருத்தி ஒளிந்துகொள்ள அதைவிட வசதியான இடம் கிடையாது.

ஆண்டுப் பரிசோதனைக்கு வண்டி வந்தது. காதில் ஒன்றை மாட்டி, சத்தம் கேட்கும்போது கையைத் தூக்கச் சொல்வார்கள். பரிசோதிக்கிற பெண் பொத்தானை அழுத்தும்போதெல்லாம் தன்னையறியாமல் புருவத்தை உயர்த்தினாள். கழுகுக்கு அது போதும். "உங்களுக்குச் சின்னப் பொண்ணு காதும்மா" என்று சொல்லி அனுப்பினார்கள். வெளியே வந்து அதை எங்களிடம் சொல்லிச் சிரித்தாள். நாங்களும் சிரித்தோம்.

ஏன் அப்படி மறைத்தாள் என்று வெகு காலம் கழித்து ஒருநாள் கேட்டேன். அப்போதுதான் அத்தையைப் பற்றிச் சொன்னாள்.

அவளுடைய அப்பாவின் அக்கா, காது கேட்காதவள். கழுகின் சிறு வயதில் அவர்கள் வீட்டிலேயே இருந்திருக்கிறாள். பெயர் சொல்லி அவளைக் கூப்பிட்டவர்கள் இல்லை. கூப்பிட்டால்தான் கேட்காதே என்பார்களாம். செவிடு என்றால் அந்த வீட்டில் அவள்தான். எதிரில் உட்காரவைத்துக்கொண்டே அவள் திங்கிற சோற்றைப் பற்றிப் பேசுவார்கள். பிள்ளைகள் அவள் முன்னால் போய் நின்று குரல் இல்லாமல் வாயை வாயை அசைப்பார்கள். ஏதோ ஆபத்து என்று அத்தை பதறுவாள், "என்னது? என்னது?" என்று காதருகே கையைக் குவிப்பாள். வீடே சிரிக்கும்.

"அந்த விளையாட்டைக் கண்டுபிடிச்சதே நான்தான்டி" என்றாள்.

மில் மூடிய பிறகு வீட்டில் மாட்டிக்கொண்டாள். கணவரும் ஓய்வு பெற்றிருந்தார். பேருந்தில் பேசியதையெல்லாம் இப்போது வீட்டுக்குள் பேசினார். சமையலறையில் நின்றுகொண்டு பேசுவார், பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டு பேசுவார், விளக்கை அணைத்த பிறகு படுத்தபடியே பேசுவார். முகம் தெரிந்தால் பதில் வரும், தெரியாவிட்டால் வராது. அது அவருக்கு எப்படித் தெரியும்? வேண்டும்போது பேசுகிறாள், வேண்டாதபோது வாயை மூடிக்கொள்கிறாள் என்றுதான் பட்டது.

இவளும் சில தந்திரங்களைப் பிடித்து வைத்திருந்தாள். பிறர் பேசும் முன்பே தான் ஆரம்பித்துவிடுவாள். எல்லோரும் சிரிக்கும்போது சிரித்துவைப்பாள். மாட்டிக்கொள்வோம் என்று தோன்றினால் எரிந்து விழுவாள். எரிந்து விழுகிறவளிடம் யாரும் கேள்வி கேட்பதில்லை. இப்படியே கொஞ்சம் கொஞ்சமாகச் சிடுமூஞ்சி என்ற பெயரைச் சம்பாதித்தாள். மகள் மருந்துக்கடையில் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனவள், போனில் பேசுவதையே விட்டுவிட்டாள். "அம்மாகிட்ட ஒண்ணு கேட்டா வேற ஒண்ணு சொல்லுது. என்னோட பேசவே பிடிக்கலை போல" என்று அப்பாவிடம் குறைப்பட்டாளாம்.

ஒரு நாள் காலையில் சண்டை. அவர் முதுகைக் காட்டிக்கொண்டு ஏதோ கேட்டிருக்கிறார். பதில் இல்லை. மறுபடி கேட்டிருக்கிறார். அப்புறம் திரும்பி நின்று கத்தினார்.

"நான் என்ன செவுத்துக்கிட்டயா பேசிட்டிருக்கேன்? இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினவனுக்கு ஒரு பதில் சொன்னா வாயில இருக்கிற முத்து உதிர்ந்துடுமா?"

இதை அவள் முழுதாகப் படித்துவிட்டாள். அதற்கு முன் கேட்டது என்ன என்றுதான் தெரியாது. அதைக் கேட்டால் குட்டு உடைந்துவிடும். வழக்கம்போல எரிந்து விழுந்தாள்.

"சும்மா நொய்யு நொய்யுன்னு கூப்பிடாதீங்க. இனிமே நீங்க கூப்பிட்டாலும் நான் வரமாட்டேன், பார்த்துக்குங்க."

அவர் குளியலறைக்குப் போனார். அவள் முன்னறையில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து ஒரு போர்வையின் ஓரத்தைத் தைக்க ஆரம்பித்தாள்.

குளியலறையில் அவருக்கு வலது கையும் காலும் விளங்காமல் போய்விட்டன. விழுந்தார். கூப்பிட்டார். நாக்கு குழறும் வரைக்கும் கூப்பிட்டார். பிறகு இடது கையால் குவளையை எடுத்துத் தரையிலும் குழாயிலும் தட்டியிருக்கிறார். கீழ்வீட்டில் குடியிருந்த டைல்ஸ் ஒட்டுகிறவர் அன்று காய்ச்சல் என்று வேலைக்குப் போகாமல் படுத்திருந்தார். முதலில் யாரோ குழாயைப் பழுது பார்க்கிறார்கள் என்று நினைத்தாராம். சத்தம் தேய்ந்துகொண்டே போனபோதுதான் சந்தேகப்பட்டு மேலே ஓடினார். கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். வந்தவருடைய நிழல் துணியில் விழுந்த பிறகுதான் அவள் திரும்பினாள்.

"யாரைக் கேட்டு உள்ள வந்தே?" என்று கத்தினாள்.

வந்தவர் அவளைத் தாண்டி உள்ளே ஓடினார்.

குளியலறைக் கதவைத் திறந்தபோது கணவருடைய கண் திறந்திருந்தது. டைல்ஸ்காரரை அவர் பார்க்கவில்லை. பின்னால் வந்து நின்ற இவளைத்தான் பார்த்தார். அந்தப் பார்வையை என்னிடம் சொல்ல அவள் பல தடவை முயன்றிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் பாதியில் நிறுத்திவிடுவாள்.

மருத்துவமனைக்கு மகள் வந்து சேர்ந்தாள். டாக்டர் கொஞ்சம் சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் என்று ஆரம்பித்து மிச்சத்தைச் சொல்லாமல் போனார். டைல்ஸ்காரர் நல்ல மனிதர், பொய் சொல்லத் தெரியாதவர். "அக்கா முன்னறையிலதாம்மா உட்கார்ந்து தைச்சிட்டிருந்தாங்க" என்றார். மகள் அம்மாவை நடைக்கூடத்தின் ஓரத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"அப்பா கூப்பிட்டது உனக்குக் கேட்டுச்சா, இல்லையா?"

நேருக்கு நேர் நின்று கேட்டாள். வாய் தெளிவாகத் தெரிந்தது. ஒரே ஒரு சொல்லில் எல்லாம் முடிந்திருக்கும்.

"கோபத்துல இருந்தேன்" என்றாள் கழுகு.

மகள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அதற்குப் பிறகு அம்மா என்று கூப்பிடவில்லை. அப்பாவைப் பார்க்க வருவாள், பக்கத்தில் உட்கார்ந்து அழுவாள், இவள் நீட்டுகிற தண்ணீரைத் தொடாமல் எழுந்து போய்விடுவாள். குடியிருப்பிலும் பேச்சு பரவியது. கல்நெஞ்சக்காரி, கட்டினவனைச் சாகக் கிடக்கவிட்டுத் துணி தைத்தவள் என்றார்கள். மாடிப்படியில் அவர்கள் அப்படிப் பேசிக்கொள்வதை அவள் கண்ணால் படித்தபடியேதான் ஏறி இறங்கினாள். கொடுமைக்காரி என்ற பெயரைத் தாங்கிக்கொள்ள முடிந்தவளுக்குச் செவிடி என்ற பெயரைத் தாங்க முடியவில்லை. நானும் அப்போது அவளைக் கொஞ்சம் வெறுத்தேன்.

ஆனால் அவரைப் பார்த்துக்கொண்டதில் ஒரு குறை சொல்ல முடியாது. தூக்கினாள், துடைத்தாள், ஊட்டினாள், படுக்கைப் புண் வராமல் புரட்டிப் போட்டாள். பார்க்கப்போன எனக்கே முதுகு வலித்தது. அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு கிடந்தார்.

பக்கவாதத்தில் அவருடைய வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. முப்பது வருஷமாக மனப்பாடம் ஆகியிருந்த வாய். இப்போது அதில் ஒரு சொல்லும் பிடிபடவில்லை. மற்றவர்களுக்கு அவர் குழறுவது அரைகுறையாகவாவது புரிந்தது, ஏனென்றால் அவர்களுக்குக் காது இருந்தது. இவள் குத்துமதிப்பாக ஊகித்தாள். தண்ணீர் கேட்டால் போர்வையைக் கொண்டுவந்தாள். வலிக்கிறது என்றால் சாப்பாடா என்று கேட்டாள். ஒருநாள் சாரல் அடிக்கிறது, ஜன்னலைச் சாத்து என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். இவள் மலம் கழிக்கத்தான் கேட்கிறார் என்று நினைத்துத் தட்டை வைத்து, வேட்டியை விலக்கிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள். வந்து பார்த்தபோது அவர் நனைந்து, தட்டின் மேல் அப்படியே கிடந்து அழுதுகொண்டிருந்தார்.

வேண்டுமென்றே வதைக்கிறாள் என்றுதான் அவர் நம்பினார். அவர் இடத்தில் நானாக இருந்தாலும் அப்படித்தான் நம்பியிருப்பேன்.

மழைக்காலம் போய் வெயில் வந்தது. ஒரு மத்தியானம் அவள் கட்டிலுக்கு முதுகைக் காட்டித் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் ஏதோ கேட்டிருக்கிறார், வழக்கம்போலப் பதில் இல்லை. ஆத்திரத்தில் பக்கத்து ஸ்டூலின் மேலிருந்த எவர்சில்வர் தட்டை இடது கையால் தள்ளிவிட்டார். தட்டு தரையில் விழுந்து சுற்றிச் சுற்றி அலறியது. அவள் தோள்கூட அசையவில்லை. சட்டையின் கையைச் சீராக மடித்துக்கொண்டிருந்தாள்.

அவர் பார்த்துக்கொண்டே கிடந்தார். பிறகு டம்ளரைத் தள்ளினார். அதன் பின் ஸ்டூலையே சாய்த்தார்.

அது விழுந்த அதிர்வு காலில் பட்டுத்தான் அவள் திரும்பினாள். தரையெல்லாம் பாத்திரம். அவர் இடது கையைத் தூக்கித் தன் காதைத் தொட்டுக் காட்டினார். அப்புறம் அவளைக் காட்டினார்.

அப்போதும் அவள் விடவில்லை. "என்னங்க, காது வலிக்குதா? மருந்து விடவா?" என்றாள்.

அவர் இல்லையென்று தலையாட்டினார். மறுபடி காதைத் தொட்டார், அவளைக் காட்டினார். அவர் கண்ணில் தண்ணீர் வழிந்தது. வாயின் நல்ல பக்கம் சிரிப்பது போலக் கோணியது. அவள் கட்டிலருகே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"கேட்கலைங்க. ரொம்ப நாளாவே கேட்கலை. அன்னைக்கும் கேட்கலை. சத்தியமா நீங்க கூப்பிட்டது எனக்குக் கேட்கலைங்க."

அவர் ஏதோ கேட்டார். அவள் விரல்களை அவர் உதட்டில் வைத்து மறுபடி சொல்லச் சொன்னாள். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். "ஏன் சொல்லலை?"

"செவிடின்னு ஒதுக்கிடுவீங்கன்னு பயந்தேன். எங்க அத்தையை நாங்க வச்சிருந்த மாதிரி."

அவர் அவளுடைய கையை எடுத்துத் தன் கன்னத்துக்கு அடியில் வைத்துக்கொண்டார். அப்புறம் நீளமாக ஒன்று சொன்னார். விரலை வைத்துப் பார்த்தாள், புரியவில்லை. மறுபடி சொன்னார். களைத்துப்போகும் வரை திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒன்றும் பிடிபடவில்லை.

மறுநாள் என்னை இழுத்துக்கொண்டு போனாள். நான் குனிந்து கேட்டேன். "அண்ணே, அவகிட்ட என்னமோ சொன்னீங்களாமே. எங்கிட்டச் சொல்லுங்க, நான் அவளுக்குச் சொல்றேன்."

அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மெதுவாக முடியாதென்று தலையாட்டிவிட்டார். வாங்கிக்கொண்டு வந்து கொடுக்கிற சாமானா அது என்பது போல இருந்தது. எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

அதற்குப் பின் அந்த வீட்டில் சில வாரங்கள் நன்றாகத்தான் இருந்தன. கழுகு ஒரு நல்ல கெட்டி நூலை எடுத்து ஒரு நுனியை அவர் இடது கை விரலிலும் இன்னொரு நுனியைத் தன் மணிக்கட்டிலும் கட்டிக்கொண்டாள். ஒரு இழுப்பு என்றால் தண்ணீர், இரண்டு என்றால் புரட்டிப் போட வேண்டும். சும்மா இழுத்துக்கொண்டே இருந்தால் வம்பு. சமையலறை வரை நூல் நீளும். நான் போயிருந்தபோது அவள் காய் நறுக்கிக்கொண்டே, "பாரு, வேலை இல்லாம இழுக்கிறதை" என்று திட்டினாள். பழைய ஆளாகத் தெரிந்தாள்.

பிறகு அவருக்கு நெஞ்சில் சளி கட்டியது. காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. மருத்துவமனை வேண்டாம் என்று சாடை காட்டிவிட்டார். ஒரு நாள் காலை அவள் சமையலறையில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். வெகு நேரமாக நூல் இழுபடவில்லை. தூங்குகிறார் என்று நினைத்துக் கஞ்சியை ஆற்றி எடுத்துக்கொண்டு போனாள். உயிர் போய் உடம்பு குளிர ஆரம்பித்திருந்தது.

காரியமெல்லாம் முடிந்து, வந்தவர்கள் போன பிறகு, மகளை உட்காரவைத்து உண்மையைச் சொன்னாள். மகள் கட்டிக்கொண்டு அழுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். நடந்தது வேறு.

"இதுக்காகவா?" என்றாள் மகள். "ஒரு மிஷினை வாங்கிக் காதுல மாட்டியிருந்தா முடிஞ்சு போயிருக்கும். அப்பா இத்தனை மாசம் நீ வேணும்னே வரலைன்னு நெனச்சுக்கிட்டே கிடந்தாரே, அதை யாரும்மா அவருக்குத் திருப்பிக் கொடுக்கிறது? நானும் உன்னைப் பேயின்னு நெனச்சேனே. எனக்குப் போனதை யாரு கொடுக்கிறது?"

"யாராலயும் முடியாது" என்றாள் கழுகு.

அவள் காரணம் சொல்லவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. மகள் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். ஆனாலும் அம்மா என்று கூப்பிட்டிருந்தாள். அதை நான் கவனித்தேன்.

அடுத்த மாதம் மகளே கூட்டிக்கொண்டு போய்க் காதுக் கருவி வாங்கிக் கொடுத்தாள். அது போன செவியைத் திருப்பித் தருவதில்லை. தட்டு விழுவதும் நாற்காலி இழுபடுவதும் மண்டையைப் பிளக்கும், பேச்சு மட்டும் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல இருக்கும். அவள் பாதி நாள் அதைக் கழற்றி வைத்துவிடுவாள். ஆனால் ஒளிக்கவில்லை. தலைமுடியால் மூடிக்கொள்ளவும் இல்லை. கடைக்குப் போனாலும் பேருந்தில் ஏறினாலும் முதல் பேச்சே, "எனக்குக் காது கேட்காது, மூஞ்சியைப் பார்த்துப் பேசு" என்பதுதான். யாராவது செவிடு என்றால், "ஆமா" என்பாள். சில பிள்ளைகள் அவள் முன்னால் நின்று வாயை மட்டும் அசைத்துக் காட்டின. அவள் சிரிக்கவில்லை, விரட்டவும் இல்லை. பார்த்துக்கொண்டே நின்றாள், அவை சலித்துப்போய்ப் போகும் வரை.

"காது போனது என் தப்பில்லைடி" என்று ஒருநாள் என்னிடம் சொன்னாள். "அதுக்கு வெட்கப்பட்டேன். அதுதான் மனுஷனைத் தின்னுடுச்சு. இப்ப நான் செவிடிதான்னு சொல்லிக்க ஒரு கஷ்டமும் இல்லை. இவ்வளவு சுலபமான காரியம்னு அப்பவே தெரிஞ்சிருக்கக் கூடாதா?"  

மகள் இப்போது மாதம் ஒருமுறை வருகிறாள். கோபம் முழுதாகப் போகவில்லை. போன வாரம் நான் போயிருந்தபோது மகள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். ஏதோ நினைப்பு வந்திருக்க வேண்டும், முதுகைக் காட்டியபடியே பொரிந்து தள்ள ஆரம்பித்தாள். அப்பாவைப் பற்றி, அந்தக் காலையைப் பற்றி, போன மாதமும் அதற்கு முந்தின மாதமும் சொன்னதையே. எனக்கு எழுந்து போய்விடலாமா என்றிருந்தது.

கழுகு எழுந்து போய் மகளின் தோளைத் தொட்டாள்.

"இந்தப் பக்கம் திரும்பித் திட்டு" என்றாள். "எனக்குத் தெரியணும்."

மகள் ஈரக் கையோடு திரும்பினாள். முதலிலிருந்து ஆரம்பித்தாள்.